மரியா மொண்டிசோரி: விரலால் வாசிக்கக் கற்பித்த வைத்தியர்

லிந்துலைக் கடைவீதியிலிருந்து எந்தத் தோட்டத்துப் பாதையில் ஏறிப் போனாலும் வழியில் ஒரு மொண்டிசோரி இருக்கும். பிள்ளைக்கு மூன்று வயது நிறைந்ததும் மொண்டிசோரிக்கு அனுப்ப வேண்டும் என்று கொழுந்து பறிக்கும் தாய்மாரும் பேசிக்கொள்வார்கள். லயம், பெரட்டு, மடுவம் என்பவற்றைப் போல இதுவும் எம் பேச்சோடு கலந்துவிட்ட சொல். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. அவர் ஒரு வைத்தியர் என்பதையும், எழுத்துக் கற்பிக்கும் தம் முறையைப் படிக்கவே இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடமிருந்தே கண்டெடுத்தார் என்பதையும் அறிந்தவர் இன்னும் சிலர்.

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் பெண் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பழைய மாணவியர் சங்கம் கேட்டபோது இவரைத் தெரிந்தெடுத்தோம். நாமும் வைத்தியத் தொழிலில் இருப்பது ஒரு காரணம். இவர் தொடங்கிய வேலையில் ஒரு பகுதி எம் மலைகளில் இன்னும் தொடங்கப்படாமலே கிடப்பது அதைவிடப் பெரிய காரணம்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க உத்தியோகத்தர்; பழைய வழக்கங்களில் ஊறியவர். தாய் ரெனில்தே அக்காலப் பெண்களுள் நன்கு படித்தவர், நூல்களில் விருப்பமுள்ளவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பதின்மூன்று வயதில், ஆண் பிள்ளைகள் மட்டுமே விரும்பிச் சேரும் தொழினுட்பப் பாடசாலையொன்றில் சேர்ந்தார். பொறியியல் படிக்க எண்ணியிருந்தவர் பின்னர் வைத்தியம் படிப்பதென்று முடிவு செய்தார். தந்தைக்கு அதில் சம்மதமில்லை. தாய் பக்கத்தில் நின்றார்.

பல்கலைக்கழகமும் இலகுவில் வழிவிடவில்லை. இயற்கை விஞ்ஞானங்களை முதலில் படித்துத் தேறிய பின்னரே வைத்திய பீடத்துக்குள் நுழைய முடிந்தது. ஆண்களுடன் சேர்ந்து நின்று பிரேதத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே மற்ற மாணவர்கள் போன பிறகு, மாலை நேரத்தில், பிரேத அறையில் தனியே நின்று படித்தார். வைத்தியக் கல்லூரியில் முதன்முதலாக அந்த அறைக்குள் கால்வைத்த நாளை எம்மில் எவரும் மறப்பதில்லை. சுற்றிலும் தோழிகள் நிற்கையிலேயே கால் நடுங்கும். அந்த அறையில் விளக்கொளியில் ஒருத்தி தனியே நின்றாள் என்பதை நினைத்துப் பார்த்தால் அவருடைய மனத்திட்பம் விளங்கும். 1896இல் வைத்தியர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் வைத்தியர்களுள் ஒருவர் ஆனார். அதே ஆண்டில் பேர்லின் நகரில் நடந்த பெண்கள் மாநாட்டுக்குத் தம் நாட்டின் பிரதிநிதியாகச் சென்று, உழைக்கும் பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டுமென்று பேசினார்.

அதன் பின் ரோம் பல்கலைக்கழகத்தின் உளநோய்ச் சிகிச்சைப் பிரிவில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். சிகிச்சைக்குரிய நோயாளரைத் தெரிந்தெடுக்க நகரின் மனநோயாளர் விடுதிகளுக்குப் போய் வருவது அவர் வேலைகளுள் ஒன்று. அங்கே பெரியவர்களான நோயாளரோடு பிள்ளைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். புத்தி வளர்ச்சி குன்றியவர்கள், வலிப்பு நோயுள்ளவர்கள், காது கேளாதவர்கள் எனப் பலரும் ஒரே அறையில் இருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்கைகளைத் தேடுவார்கள்; பராமரிப்புப் பெண்ணுக்கு அது அருவருப்பாக இருந்தது. மொண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் தொடவோ பிடிக்கவோ உருட்டவோ அங்கே ஒரு பொருளும் இருக்கவில்லை. அந்தத் துணுக்கைகள் மாத்திரமே அவர்கள் கைக்குக் கிடைத்தவை. வயிற்றுப் பசியாக மற்றவர் கண்டதைக் கையின் பசியாக, அறிவின் பசியாக அவர் கண்டார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முன்னர் எவராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினார். பிரான்சில் இரண்டு வைத்தியர்கள் வழிகாட்டியிருந்தார்கள். ஒருவர் இதார், அவெரோன் காட்டுப் பகுதியில் பிடிபட்ட, பேச்சறியாத சிறுவனுக்கு 1800களின் தொடக்கத்தில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்தவர். மற்றவர் அவர் மாணவரான செகுவான். புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்று பாடசாலை நடத்திப் பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். இருவருடைய நூல்களையும் மொண்டிசோரி இத்தாலிய மொழியில் தம் கைப்பட முதலிலிருந்து கடைசிவரை எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி யோசிக்க அதுவே வழி என்று அவர் கருதினார். அந்தப் படிப்பின் முடிவில் அவர் கொண்ட கருத்து வைத்திய உலகுக்குப் புதியது. இப்பிள்ளைகளின் குறை பெரிதும் கற்பித்தலால் தீர வேண்டியது, மருந்தால் தீர்வது சிறிதளவே என்பதே அது. 1898இல் டுரின் நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் இதை எடுத்துரைத்தார். கேட்டவர்களிடையே பெரும் பரபரப்பு உண்டாயிற்று.

1900ஆம் ஆண்டில் ரோம் நகரில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பாடசாலையொன்று திறக்கப்பட்டது. பயிற்சிக்கென்று பிள்ளைகளின் வகுப்பும் அதனோடு இணைந்திருந்தது. வைத்தியர் ஜியுசெப்பே மொண்டெசானோவும் மொண்டிசோரியும் அதை நடத்தினார்கள். ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததோடு மொண்டிசோரி நின்றுவிடவில்லை. காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணிவரை அந்தப் பிள்ளைகளோடு தாமே இருந்து கற்பித்தார். இரவில் அன்று கண்டதையெல்லாம் எழுதிவைத்து, மறுநாளைக்குரிய பொருள்களைச் செய்தார்.

அங்கே பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். கைகளில் பலம் உண்டு, ஆனால் தைக்க வரவில்லை. ஊசியைத் துணிக்கு மேலும் கீழுமாகக் கொண்டுபோகும் அசைவு அவளுக்குப் பிடிபடவேயில்லை. மொண்டிசோரி ஊசியை ஒதுக்கிவைத்தார். காகிதப் பட்டிகளை ஒன்றுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழுமாகக் கோத்துப் பாய் பின்னும் விளையாட்டைக் கொடுத்தார். அதில் தேறிய பின் ஊசியைத் திரும்பக் கொடுத்தபோது சிறுமி தைத்தாள். ஒரு வேலையைச் செய்யச் சொல்லுமுன் அந்த வேலைக்குரிய அசைவைக் கைக்குப் பழக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தச் சிறுமியே தமக்குத் தந்ததாக மொண்டிசோரி பின்னர் எழுதிவைத்தார்.

தையலில் கண்டதை எழுத்துக்குக் கொண்டுவந்தார். மரத்தால் எழுத்துக்களைச் செய்வித்தார். உயிரெழுத்துக்களுக்குச் சிவப்பு நிறமும் மெய்யெழுத்துக்களுக்கு நீல நிறமும் பூசப்பட்டன. எழுதும்போது கை எந்தத் திசையில் போகுமோ அந்தத் திசையிலேயே பிள்ளை தன் விரலால் எழுத்தைத் தடவ வேண்டும். தடவும்போதே அந்த எழுத்தின் ஒலியை ஆசிரியை சொல்லுவார். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் உணர்கிறது. ஒரு வாயில் அடைபட்டிருந்தாலும் மற்ற வாயில்களால் எழுத்து உள்ளே போய்விடும். செகுவான் வகுத்த மூன்று படிகளையும் கைக்கொண்டார். முதலில் ஆசிரியை எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்வார். அடுத்து அந்த ஒலியைச் சொல்லி, அதற்குரிய எழுத்தை எடுத்துத் தரச் சொல்வார். கடைசியாகவே எழுத்தைக் காட்டி, இது என்னவென்று கேட்பார். பிள்ளை தடுமாறினால் கண்டிப்பதில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் முதற்படியிலிருந்து தொடங்குவார். எம் வகுப்பறைகளில் பெரும்பாலும் மூன்றாவது படியிலேயே பாடம் தொடங்குகிறது. விடை தெரியாத பிள்ளை அங்கேயே தலைகுனிந்துவிடுகிறது.

இப்படிக் கற்ற பிள்ளைகளுள் சிலர் வாசிக்கவும் எழுதவும் தேறினார்கள். ஏனைய பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சைக்கு அவர்களை மொண்டிசோரி அனுப்பினார். சித்தியடைந்தார்கள். ஊரே அதிசயித்தது. அவருக்கோ வேறொரு கவலை பிடித்தது. குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு செய்ய முடியுமென்றால், குறையில்லாத பிள்ளைகளைச் சாதாரணப் பாடசாலைகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன என்று எண்ணினார். அந்தக் கவலையே அவரது பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது.

இந்த இடத்தில் அவருடைய சொந்த வாழ்வின் துயரையும் சொல்ல வேண்டும். மொண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் மரியோ என்ற மகன் பிறந்தான். அவர்கள் மணம் செய்யவில்லை. மணமாகாத தாய் என்ற பெயர் வெளிப்பட்டால் தொழிலும் போய்விடும், குடும்ப மானமும் போய்விடும் என்ற நிலையில் பிள்ளை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தான். மொண்டெசானோ வேறொருவரை மணந்தபோது மொண்டிசோரி 1901இல் அந்தப் பாடசாலையை விட்டு விலகினார். உலகத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதியவர் தம் பிள்ளையை அவ்வப்போது போய்ப் பார்த்துவரும் விருந்தாளியாக இருந்தார். பதினைந்து வயதளவில் மகன் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பின் அவர் இறக்கும்வரை கூடவே இருந்து உழைத்தான். எம் மலைநாட்டில் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகும் தாய்மாரை அறிந்த எமக்கு அவரைக் குறைசொல்ல வாய் வராது.

1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வசிக்கும் சான் லொரென்சோ பகுதியில் பிள்ளைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். தாய்தந்தையர் வேலைக்குப் போன பின் சிறு பிள்ளைகள் படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கிச் சேதப்படுத்துகிறார்கள் என்பதால், கட்டடத்தின் உரிமையாளரே அவர்களை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார். எம் தோட்டங்களில் தாய்மார் கொழுந்துக்குப் போக வசதியாகப் பிள்ளை மடுவம் ஏற்பட்ட கணக்கும் ஏறத்தாழ இதுதான். முதலாளியின் கணக்கு எதுவானாலும் உள்ளே போனவர் மொண்டிசோரி. முன்னைய பாடசாலையில் செய்ததைப் போன்ற மர எழுத்துக்களைச் செய்து கொடுக்க ஆள் கிடைக்காததால், தச்சர் மரத்தைத் தேய்க்கும் அரத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். சொரசொரப்பான எழுத்தும் வழவழப்பான அட்டையும் விரலுக்கு நன்றாக வேறுபட்டுத் தெரிந்தன. விலை உயர்ந்ததைவிட மலிந்ததே நன்றாக வேலை செய்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரே தம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு மார்கழியில், வெயில் காய்ந்த ஒரு நாள், மொட்டைமாடியில் ஐந்து வயதுச் சிறுவனிடம் சோக்குக் கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் தானாகவே கை என்ற சொல்லையும், புகைபோக்கி, கூரை என்ற சொற்களையும் எழுதினான். எழுதுகிறேன் என்று கூச்சலிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டான். விரலால் தடவித் தடவிப் பழகிய கை ஒருநாள் தானே எழுதிவிட்டது. சில கிழமைகளில் வாசிப்பும் வந்தது.

1909இல் அவருடைய முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவர் பெயரில் பாடசாலைகள் எழுந்தன. இத்தாலியில் முசோலினியின் அரசாங்கம் ஆதரவு கொடுத்தபோது அதை ஏற்றுக்கொண்டார். அவர் வரலாற்றில் விமர்சிக்கப்படும் பகுதி அது. ஆனால் பாடசாலைகளை அந்த அரசின் விருப்பப்படி வளைக்க அவர் உடன்படவில்லை. 1934இல் இத்தாலியிலிருந்த அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தில் தங்கினார்.

1939இல், அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் சென்னை அடையாறு வந்தார். பனையோலைக் கொட்டில்களில் ஏறத்தாழ முந்நூறு ஆசிரியர்கள் பாயில் அமர்ந்து கேட்டார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் பிரித்தானிய ஆட்சியாளருக்குத் தாயும் மகனும் எதிரி நாட்டவரானார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் வைத்தார்கள். மொண்டிசோரி அடையாறு வளவைவிட்டு வெளியேறக் கூடாதென்று கட்டளை வந்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று, பரிசு போல, மகனை விடுவிக்கும் செய்தியை வைசிராய் அனுப்பினார். மருமகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் உலகுக்குச் சொல்லப்பட்டுவந்தவரை அந்தச் செய்தி மகன் என்றே குறித்தது.

யுத்த காலத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடைக்கானல் மலையில் வாழ்ந்தார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அங்கே அவருக்கு உதவியாக இருந்தார். குளிரும் மூடுபனியுமான அந்த மலைவாசம் எம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். இங்கே ஆற்றிய விரிவுரைகள் 1948இல் கொழும்பில் நூலாக வெளிவந்தன. எம் கடைவீதியின் பெயர்ப்பலகை வரை அந்தப் பெயர் வந்து சேர்ந்த வழி இதுதான். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் நோர்ட்வைக் கடற்கரை ஊரில் காலமானார்.

அவருடைய பெயர் பெருகியபோது ஒன்று பின்னால் விடுபட்டுப் போயிற்று. அந்த முறையைக் கண்டுபிடிக்கக் காரணமானவர்கள் மனநோயாளர் விடுதியில் ரொட்டித் துணுக்கை தேடிய பிள்ளைகள். அது போய்ச் சேர்ந்ததோ உலகெங்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம். எம் பகுதியிலும் பேச்சுத் திருந்தாத பிள்ளையை, நடை வராத பிள்ளையை, முகத்தைப் பார்த்தவுடனே குறை தெரியும் பிள்ளையை மொண்டிசோரி என்று பலகை போட்ட இடத்திலேயே சேர்க்கத் தயங்குகிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் யாரிடம் படித்தார் என்பது தெரிந்திருந்தால் அந்தத் தயக்கம் வராது.

வைத்தியத் தொழிலில் நாம் வாரந்தோறும் காண்பது இதன் தொடர்ச்சியே. ஒன்பது வயதாகியும் வாசிக்க வராத பிள்ளையைத் தாய் ஒரு நாள் பேரை இழந்து கூட்டிவருகிறாள். மூளைக்கு ஒரு மருந்து வேண்டும் என்கிறாள். சில வேளைகளில், இப்பிள்ளைக்குப் படிப்பு வராது என்று எழுதித் தரும்படியும் கேட்கிறாள். நாம் முதலில் காதைப் பார்க்கிறோம். குளிர்ப் பிரதேசத்தில் சளியால் காது வடிந்து கேள்வி குறைந்த பிள்ளைகள் உண்டு. கண்ணைப் பார்க்கிறோம், கரும்பலகையைக் காணாமலே காலம் கழித்த பிள்ளைகள் உண்டு. இரத்தச் சோகையும் வலிப்பும் இருந்தால் மருந்து கொடுக்கிறோம். இவை யாவும் சரியாக இருந்தும் எழுத்துப் பிடிபடாத பிள்ளைகள் உண்டு. பிறவியிலேயே புத்தி வளர்ச்சி மெதுவான பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு எமது மருந்துச் சீட்டில் எழுத ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேண்டியது ஆசிரியை. படிப்பு வராது என்று மட்டும் நாம் எழுதிக் கொடுப்பதில்லை. அப்படி எழுதும் அதிகாரம் வைத்தியத்துக்கு இல்லை என்பதை மொண்டிசோரி நூறாண்டுக்கு முன்னரே காட்டிவிட்டார். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று இந்நாட்டின் சட்டமும் சொல்கிறது.

அவர் முறை எம் மொழிக்கு அந்நியமானதுமன்று. விஜயதசமியில் பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதவைத்து ஏடு தொடக்குகிறோம். விரலால் எழுத்தை அறியும் வழி அதுவே. ஆனால் அந்த ஒரு நாளோடு தட்டை எடுத்து வைத்துவிடுகிறோம். அடுத்த நாளிலிருந்து 247 எழுத்தையும் பாட்டுப் போல ஒப்புவிக்கச் செய்கிறோம். அவ்வளவும் தடையின்றிச் சொல்லும் பிள்ளை, மலை என்ற சொல்லைக் காட்டினால் விழிக்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. ஆக 31 அட்டைகளும், அரவும் கொம்பும் விசிறியும் தனியே வெட்டிய சில அட்டைகளும் இருந்தால் போதும். அரத்தாள் கிடைக்காவிட்டால் பசை தடவி ஆற்று மணலைத் தூவினாலும் எழுத்துச் சொரசொரக்கும். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து. ம், ண் என்ற ஒலிகளையும் அகரத்தையும் விரலால் அறிந்த பிள்ளை, மண் என்று ஒருநாள் தானே சேர்த்துப் பார்க்கும். சில பிள்ளைகளுக்கு அதற்கு ஒரு கிழமை போதும். சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். சில பிள்ளைகள் தம் பெயரையும், பஸ்ஸின் பெயர்ப்பலகையையும், மருந்துப் போத்தலின் பெயரையும் வாசிப்பதோடு நின்றுவிடவும் கூடும். அதுவும் ஒரு மனிதருக்குப் பெரிய பலம்.

எமது சங்கத்தில் ஆசிரியைகள் பலர் இருக்கிறார்கள். முன்பள்ளி நடத்துவோர் இருக்கிறார்கள். தையலில் கைதேர்ந்த அக்காமாரும், ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் அதிபர்களும் இருக்கிறார்கள். நூற்றாண்டின் நினைவாகக் கட்டடமும் நினைவுக்கல்லும் எழுப்புவது பற்றிப் பேசும் இவ்வேளையில் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொருவரும் ஒரு தொகுதி எழுத்தட்டை செய்து, தாம் வாழும் தோட்டத்தின் முன்பள்ளிக்கோ பாடசாலைக்கோ கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையையும், வீட்டோடு நிறுத்திவிட்ட பிள்ளையையும் முதலில் கூப்பிடும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டை செய்ய முடியாதவர்கள் கிழமையில் ஒரு மணித்தியாலத்தைத் தரலாம்.

எம் பாட்டிமார் பெருவிரல் மை வைத்துச் சம்பளம் வாங்கினார்கள். அவர்களுடைய பேத்திகளான நாம் இப்பாடசாலையில் எழுத்துக் கற்று, இன்று மற்றவர்களுக்கு மருந்துச் சீட்டும் மதிப்பெண்ணும் எழுதுகிறோம். எமக்குக் கிடைத்த அந்த எழுத்து எம் ஊரில் ஒரு பிள்ளைக்கும் கிடைக்காமற் போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதே இந்தப் பாடசாலைக்கும், பெயரளவில் நாம் அறிந்திருந்த அந்த வைத்தியருக்கும் நாம் செலுத்தும் நன்றியாகும்.